இரண்டு சொட்டு எச்சில்

மெல்வினா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஜெசிந்தா முதலில் தூக்கிப் பார்ப்பது புத்தகப் பையை அல்ல, தண்ணீர் பாட்டிலை. காலை ஆறரைக்கு முக்கால் லிட்டர் நிரப்பி அனுப்பினால், மத்தியானம் ஒரு மணிக்கு அந்த முக்கால் லிட்டரும் பத்திரமாக வீடு வந்து சேரும். தூத்துக்குடி வெயிலில், அதுவும் இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷத்து வெயிலில், ஒன்பது வயதுப் பிள்ளை அரை நாள் முழுக்க ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தால் பெற்றவளுக்குக் கோபம் வருமா வராதா?

"ஏட்டி, தண்ணி குடிச்சியா இல்லியா?"

"தவிக்கலம்மா."

"தவிக்கலன்னா? வேர்த்து ஒழுகுது. அதெப்படி தவிக்காம இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? தவிக்கல."

மாசி மாதம் முழுக்க இதே கேள்வி, இதே பதில். ஜெசிந்தா மிரட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பாட்டிலைக் காலி செய்தால் குச்சி ஐஸ் வாங்கித் தருவதாக ஆசை காட்டினாள். பிள்ளை லேசுப்பட்டதா? பள்ளிக்கூடத்து வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு வந்து ஐஸுக்குக் கை நீட்டியது. பங்குனி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. கயிறு தாண்டிக்கொண்டிருந்த மெல்வினா அப்படியே சுருண்டு விழுந்துவிட்டாளாம்.

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மகளுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. டாக்டர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டார்.

"உடம்புல தண்ணியே இல்லம்மா. அதோட கிட்னில கல்லு வேற. ஒன்பது வயசுல கல்லு! பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறதே இல்லையா?"

ஜெசிந்தாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வார்டில் எட்டுக் கட்டில். அதில் ஆறு பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆறு பேருக்கும் அதே கோளாறு. ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் அதே இளநீலப் பாட்டில் நின்றது. சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிற ஜெசிந்தாவின் கண் சும்மா இருக்குமா, ஒவ்வொன்றாக அளந்தாள். எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன.

அந்தப் பாட்டிலுக்கு ஊருணி என்று பெயர். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களையெல்லாம் தடை செய்த பிறகு, அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தூக்கினால் தக்கை மாதிரி இருக்கும். வெயிலில் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் சுடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கழுவவே வேண்டாம். உள்பக்கம் பூசியிருக்கும் பூச்சு கிருமி வந்தால் தானே கொன்று, தேய்ந்தால் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். ஆகையால் அதை உயிர்ப்பூச்சு என்றார்கள். முதல் கட்டமாகத் தென் மாவட்டங்களில் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சென்னை வரைக்கும் அரசு அலுவலகங்களிலும் கூட்ட மேஜைகளிலும் அதுதான். வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மாநிலம் முழுக்க மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கும் போகவிருந்தது.

இந்தப் பாட்டில் பாதுகாப்பானது என்று நான்கு வருஷத்துக்கு முன்பு சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தென்மண்டலச் சோதனைக்கூடத்தின் தலைமை ஆய்வாளர் கோமதிநாயகம். இன்னொருத்தி அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஜெசிந்தா. சோதனைக்கு வந்த பாட்டில்களில் மிஞ்சிய ஒன்றை அவளே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அதுதான் அவள் மேஜையில் இருக்கிறது.

மறுநாள் மெல்வினாவைப் பார்க்க அவளுடைய வகுப்பு டீச்சர் சங்கரேஸ்வரி ஆரஞ்சுப் பழமும் கையுமாக வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"எக்கா, ஒரு விஷயம் சொல்லட்டா? எனக்கும் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. முந்தியெல்லாம் பாடம் நடத்தவே விடாதுங்க. 'டீச்சர் தண்ணி தவிக்கி, டீச்சர் தண்ணி தவிக்கி'ன்னு உயிர வாங்கும். இப்ப ஒரு வருஷமா கிளாஸ்ல ஒரு சத்தம் கெடையாது. நான்கூட பிள்ளைங்க திருந்திட்டுன்னுல்லா நெனச்சேன்."

"ஒருத்தரும் கேக்கதில்லியா டீச்சர்?"

"ஒருத்தி கேப்பா. லெனிஷான்னு ஒரு புள்ள. நாப்பது பேர்ல அவ ஒருத்திக்குத்தான் தண்ணிக்கும் போணும், பாத்ரூமுக்கும் போணும். ஆனா அவ ஒரு மாதிரிக்கா. பால்பாட்டில் குடிச்ச பழக்கம் விடல. பாட்டில்ல வாய வச்சு உறிஞ்சுவா. எச்சி பாட்டில்னு ஒருத்தரும் அவகிட்ட வாங்கிக் குடிக்க மாட்டாங்க."

"அவ வச்சிருக்கதும் ஊருணிதானா?"

"எல்லாருக்கும் அதான குடுத்திருக்கு?"

டீச்சர் கிளம்பிப் போனது, நர்ஸ் வந்து குளுக்கோஸ் பாட்டிலை மாற்றியது, எதுவும் ஜெசிந்தாவின் மனதில் ஏறவில்லை. சோதனைக்கூடத்தின் நீள மேஜையும், அதன்மேல் தன் கையும், கையில் சொட்டுக்குழாயும் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றன.

சோதனைக்கு ஒரு செய்முறைப் புத்தகம் உண்டு. கம்பெனி கொடுத்தது, ஏதோ குளிர் தேசத்தில் எழுதப்பட்டது. பாட்டிலில் தண்ணீர் நிரப்பு, நாற்பது டிகிரியில் வை, பத்து நாள் கழித்துத் தண்ணீரில் என்ன இறங்கியிருக்கிறது என்று பார். நடுவில் ஒரு வரி. ‘பயனாளர் குடிப்பதை ஒத்திருக்க, தினமும் இரண்டு சொட்டு செயற்கை எச்சில் சேர்க்கவும்.’ ஜெசிந்தா ஒரு நாள் தவறாமல் சேர்த்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் என்று சோதனைக்கூடம் முழுக்க அவளுக்குப் பெயர். இரண்டு சொட்டு. மூன்றாவது சொட்டு விழுந்துவிட்டால் பாட்டிலையே மாற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இங்கே யார் பாட்டிலில் எச்சில் படக் குடிக்கிறார்கள்? அந்த ஒரு கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. அண்ணாந்து, வாயில் படாமல், கடகடவென்று ஊற்றிக்கொள்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள், பத்து நாளும் எச்சிலைச் சொட்டிவிட்டு, சாயங்காலம் தன் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதுதான் இன்னும் வலித்தது. மெல்வினாவுக்கு நாலு வயதிருக்கும். மாதா கோயில் அசன விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் செம்பை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால் ஜெசிந்தா அவள் முதுகில் ஒன்று போட்டாள். "எச்சி பண்ணாதன்னு எத்தன தடவ சொல்லுதேன்! தூக்கிக் குடிட்டி!" பிள்ளை அழுதுகொண்டே தூக்கிக் குடித்தது, மூக்கிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டது. அன்றைக்குப் படிந்த பழக்கம்தான்.

அழுதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே டீச்சருக்குப் போன் போட்டாள். "டீச்சர், ஒங்க கிளாஸ்லேருந்து பத்துப் பாட்டில் வேணும். லெனிஷா பாட்டில் கண்டிப்பா வேணும்."

பதினொரு நாள் கழித்து, கோமதிநாயகத்தின் அறைக்கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் இருந்தது. நல்ல மனிதர்தான். யார் வம்புக்கும் போகாதவர். முகத்தைப் பார்த்தே ஏதோ வில்லங்கம் என்று புரிந்துகொண்டு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சொல்லும்மா. என்ன குண்டு போடப் போற?"

"ஊருணிய மறுபடி டெஸ்ட் பண்ணினேன் சார். எச்சில் விடாம."

"விடாமன்னா? புஸ்தகத்துல விடணும்னுல்லா இருக்கு?"

"இருக்கு சார். ஆனா நம்ம ஊர்ல யார் சார் விடுதா? நீங்க விடுவீங்களா?"

கோமதிநாயகத்தின் பார்வை தன் மேஜையில் இருந்த இளநீலப் பாட்டிலுக்குப் போய் வந்தது.

ஜெசிந்தா சோதனை முடிவு எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தாள். "அந்தப் பூச்சு தானா வளரும்னு சொன்னாங்கல்லா? எப்ப வளரணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஆள் வாய் வச்சுக் குடிச்சா கொஞ்சம் எச்சி உள்ள எறங்கும். எச்சி வந்தா கிருமியும் வரும். அதனால எச்சியத்தான் அதுக்கு மணியா வச்சிருக்காங்க. எச்சி பட்டா முழிச்சிக்கிட்டு இறுகி மூடிக்கிடும். படலன்னா தூங்கும். தூங்கித் தூங்கிக் காஞ்சு, கண்ணுக்கே தெரியாத துணுக்கா உதிருது சார். பத்துப் பாட்டில்ல ஒம்பதுல அடிப்பக்கம் பூச்சே இல்ல."

"பத்தாவது?"

"எச்சி பாட்டில்னு ஒருத்தரும் தொடாத பாட்டில். அது மட்டும் புதுசு கணக்கா இருக்கு."

கோமதிநாயகம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, உதிருது. உதிர்ந்தா என்ன? வயித்தால போயிரும்லா?"

"போகல சார். ரத்தத்துல ஏறுது. நம்ம மூளைல தாகத்தச் சொல்லுததுக்குன்னு ஒரு எடம் இருக்கு. ஒடம்புல தண்ணி கொறைஞ்சா அதுதான் சத்தம் போடும். இந்தத் துணுக்கு போயி அங்க உக்காந்துகிட்டு, ‘தண்ணி இருக்கு, தண்ணி இருக்கு’ன்னு பொய் சொல்லுது. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். ஆறு பிள்ளைங்க ரத்தத்துலயும் இருக்கு." தாளின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "எம் பிள்ள ரத்தத்துலயும்."

கோமதிநாயகம் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஜெசிந்தா, அந்தச் சான்றிதழ்ல ஒன் கையெழுத்து இருக்கு. என் கையெழுத்தும் இருக்கு. இத வெளிய சொன்னா மொதல்ல மாட்டுதது யாருன்னு தெரியும்லா?"

"தெரியும் சார்."

"வேலை போயிரும்மா."

"போகட்டும் சார்."

"ஒனக்கென்ன, வாய் கூசாம சொல்லிட்ட!" என்று சீறியவர், அடுத்த நிமிஷமே சோர்ந்துபோனார். "ஒரு வாரம் பொறு. கம்பெனிக்கு எழுதிக் கேப்போம்."

கம்பெனியின் பதில் ஒரு வாரம்கூட எடுக்கவில்லை, மூன்றாம் நாளே வந்துவிட்டது. ரொம்ப மரியாதையான கடிதம். பாட்டிலில் குறையில்லை, பயன்படுத்தும் முறையில்தான் குறை. ஆகவே இனி வரும் பாட்டில்களில் ‘வாய் வைத்துக் குடிக்கவும்’ என்று ஒரு வில்லை ஒட்டிவிடலாம். பழைய சான்றிதழை மாற்றத் தேவையில்லை, யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. கோமதிநாயகத்தின் முகத்தில் மூன்று நாளாக இல்லாத களை வந்தது.

"பாத்தியா? ஒரு வில்லையோட முடிஞ்சு போச்சு. நம்ம தலையும் தப்பிச்சுது."

ஜெசிந்தாவுக்கும் ஒரு கணம் மூச்சு லேசானது, பொய் சொல்வானேன். மறுநாள் காலை அந்தக் கடிதத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள், டீச்சரிடம் காட்ட. இடைவேளை நேரம். வராந்தாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் தின்றுகொண்டிருந்தன. எட்டுப் பேருக்கு இரண்டு பாட்டில். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும் பள்ளி அது; பாட்டில் கொண்டுவர மறந்தவள், வழியிலேயே கொட்டிவிட்டவள், வீட்டில் தண்ணீர் இல்லாதவள், எல்லோரும் உண்டு. சோறு விக்கியதும் ஒருத்தி கை நீட்ட, இன்னொருத்தி பாட்டிலைக் கொடுக்க, அது அண்ணாந்த வாய் வாயாகப் போய்த் திரும்பி வந்தது. யார் பாட்டில் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி லெனிஷா தனியாகத் தின்றுகொண்டிருந்தாள். அவள் பாட்டில் அவளுக்கு மட்டும்தான்.

ஜெசிந்தா கடிதத்தைப் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. சோதனைக்கூடத்துக்குத் திரும்பி வந்து, தன் மேஜையில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிட்டுக் கோமதிநாயகத்திடம் போனாள்.

"வில்லை ஒட்டக் கூடாது சார்."

"ஏன், இப்ப என்ன வந்துச்சு?"

"வாய் வச்சுக் குடின்னு சொன்னா, நாளைலேருந்து ஒரு பிள்ள இன்னொரு பிள்ளைக்குத் தண்ணி குடுக்காது. எச்சி பாக்குத பழக்கத்துல எவ்வளவோ கோணல் இருக்கு சார், எனக்கும் தெரியும். ஆனா இந்த ஒரு பழக்கத்துனாலதான் ரெண்டு பாட்டில் எட்டுப் பேருக்குக் காணுது. பிள்ளைங்கள லெனிஷா மாதிரி தனித்தனியா உக்கார வச்சிட்டு ஒரு பாட்டிலக் காப்பாத்தணுமா? பாட்டில மாத்தட்டும். சென்னைல விசாரணைக்கு எழுதிப் போட்டுட்டேன்."

"எழுதிப் போட்டுட்டியா!"

"கீழ என் பேர் மட்டும்தான் இருக்கு. நீங்க பயப்படாதீங்க."

அவர் எரிச்சலோடு கையை நீட்டினார். "நகல் இருக்கா? குடு இங்க. எம் பேரு இல்லாம எவன் மதிப்பான்?" கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனா மூடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் மேஜை முழுக்கத் தேடினார். அது அவர் இடது கையிலேயே இருந்தது.

சித்திரை கடைசியில் சென்னையில் விசாரணை. குடிநீர்க் கலன் பாதுகாப்புக் குழு என்று ஒன்று. அதன் தலைவர் மங்கையர்க்கரசி, அறுபது வயதுக்காரர், யார் பேசினாலும் கடைசிவரை கேட்கிறவர், ஆனால் எதற்கும் லேசில் அசையாதவர் என்று பெயர். உறுப்பினர்கள் ஐந்து பேர். மேஜையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ஊருணி, மேலே பெயர் ஒட்டியது. ஊருணி இல்லாமல் அரசுக் கூட்டம் நடக்கக் கூடாது என்று ஓர் உத்தரவே இருந்தது. விசாரணைக்கு வந்தவர்களுக்கும் ஒவ்வொன்று வைத்தார்கள்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. தலைவர் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு "ஆரம்பிக்கலாம்" என்றார். மற்றவர்களும் அதேபோல ஒரு மடக்கு. கம்பெனிக்காகப் பேச வந்திருந்த டாக்டர் ஹரிகேஷ் மட்டும் வாய் வைத்து உறிஞ்சினார். பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவர். ஜெசிந்தா அதைப் பார்த்தாள், பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டே காலுக்கு மின்சாரம் போனது. கோடை மின்வெட்டு, நாலு மணிக்குத்தான் வரும் என்றான் பியூன். டீயும் கிடையாது. ஜன்னலைத் திறந்ததும் அனல் உள்ளே வந்தது. சட்டையெல்லாம் முதுகில் ஒட்டிக்கொள்ள, ஃபைலால் விசிறிக்கொண்டே, சாப்பாட்டுக்குக்கூட எழாமல் விசாரணையை நடத்தினார்கள்.

ஹரிகேஷ் பேசப் பேச அழகாக இருந்தது. "மேடம், இவங்க டேட்டா மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஒரே ஊர், பத்துப் பாட்டில், ஆறு குழந்தைங்க. இத வச்சு ஒரு கோடிப் பாட்டில நிறுத்த முடியுமா? வெயில் காலத்துல குழந்தைங்க மயங்கி விழறது புதுசா? வாய் வச்சுக் குடிச்சா பிரச்சினையே இல்லன்னு இவங்களே நிரூபிச்சிருக்காங்க. பழக்கத்த மாத்திக்கிட்டா போதும்." பேச்சுக்கு நடுவில் இரண்டு முறை பாட்டிலை எடுத்து உறிஞ்சினார். அப்புறம் இன்னொரு முறை.

ஓர் உறுப்பினர் ஜெசிந்தாவைப் பார்த்துக் கேட்டார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதானே பாதுகாப்புன்னு எழுதினீங்க? அப்ப பொய்யா, இப்ப பொய்யா?"

"அப்ப தப்பு சார்," என்றாள் ஜெசிந்தா. "எந் தப்பு. புஸ்தகத்துல இருந்த ரெண்டு சொட்டு எச்சில என் கையாலதான் விட்டேன். நம்ம ஊர்ல யாருமே விடாத எச்சில். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா பாட்டில நிறுத்துங்க. எங்க பிள்ளைங்க தண்ணி குடிக்குத முறை தப்புன்னு சொல்ல ஒரு பாட்டிலுக்கு என்ன உரிமை சார் இருக்கு? ஆளுக்கு ஏத்த பாட்டில்தான் செய்யணும், பாட்டிலுக்கு ஏத்த ஆளையா செய்யுதது?"

பக்கத்தில் கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா" என்றார். சத்தமாகவே சொன்னார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா டாக்டர் சொல்றதும் நியாயம்தான். ஒரு ஊர்க் கணக்க வச்சு மாநிலம் பூரா நிறுத்த எனக்கு வழியில்ல. அடுத்த வருஷம் பெரிய அளவுல ஒரு ஆய்வு..."

"மேடம், இப்ப மணி என்ன?"

தலைவர் புருவத்தை உயர்த்தினார். "மூணே கால்."

"பதினோரு மணிக்கு உக்காந்தோம். கரண்ட் போயி மூணு மணி நேரம் ஆச்சு. எல்லாரும் வேர்த்து நனைஞ்சு போயி இருக்கோம். தயவு செஞ்சு ஒங்க முன்னால இருக்க பாட்டில ஒரு தடவ தூக்கிப் பாருங்க."

முதலில் கேள்வி கேட்ட உறுப்பினர் தூக்கினார். அடுத்தவர் தூக்கினார். காலையில் ஊற்றிக்கொண்ட ஒரு மடக்கு போக மிச்சம் அப்படியே இருந்தது. தலைவர் தன் பாட்டிலைத் தூக்கி, கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருடைய உதட்டு ஓரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"நாலு மணி நேரமா ஒங்கள்ல ஒருத்தருக்காவது தண்ணி தவிச்சுதா மேடம்?"

எல்லோருடைய கண்ணும் மெல்ல மெல்ல மேஜையின் அந்தக் கோடிக்குப் போனது. ஹரிகேஷின் பாட்டில் காலியாக இருந்தது. மறுபடி நிரப்பச் சொல்லிப் பியூனிடம் நீட்டுவதற்காக அவர் அதைக் கையில் பிடித்திருந்தார். பாவம், நீட்டவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் அப்படியே இருந்தார்.

தலைவர் பியூனைக் கூப்பிட்டார். "ஒரு எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி கொண்டு வாப்பா. எல்லாருக்கும் கொண்டு வா." வந்த தண்ணீரை மருந்து குடிக்கிற மாதிரி கஷ்டப்பட்டுக் குடித்து முடித்தார். "எனக்கு ரெண்டு மாசமா தலைசுத்தல்," என்றார் பொதுவாக, யாரையும் பார்க்காமல். "வயசாச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்." பிறகு பேனாவை எடுத்தார்.

ஊருணியை நிறுத்தினார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கினார்கள். பிழையான சான்றிதழ் கொடுத்ததற்காகக் கோமதிநாயகத்தையும் ஜெசிந்தாவையும் தற்காலிக வேலைநீக்கம் செய்தார்கள். கோமதிநாயகம் போனில், "பத்து மாசம் கழிச்சுக் கெடைக்க வேண்டிய ஓய்வு, இப்பவே கெடைச்சுட்டு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என்றாலும் மறுநாளும் போன் செய்தார்.

துணுக்கு உடம்பை விட்டுப் போக எத்தனை நாளாகும் என்று டாக்டருக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் ஆகலாம், வருஷம் ஆகலாம், எவ்வளவு நாள் குடித்தார்களோ அதைப் பொறுத்தது என்றார். அதுவரை கடிகாரம்தான் தாகம். பள்ளிகளில் அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மணி அடித்தார்கள். ஜெசிந்தா வீட்டில் தன் கைக்கடிகாரத்தில் மணி வைத்தாள். அடித்ததும் தாயும் மகளும் எழுந்து ஆளுக்கொரு டம்ளர். வேண்டாம் என்று மெல்வினா முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, சித்திரை போய், வைகாசி போய், ஆனி போய், ஒரு மணி தவறவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அல்லவா.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து ஜெசிந்தா அடுப்படியில் சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் மெல்வினாவும் லெனிஷாவும் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமாக அவர்கள் ரொம்ப சிநேகிதம். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்த குரல் திடீரென்று நின்றது. ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது. பங்குனி செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தச் சத்தம் நின்றாலே அவளுக்குத் திக்கென்று இருக்கும்.

மெல்வினா மூச்சு வாங்க அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. எரிச்சலாகச் சொன்னாள்.

"அம்மா, தண்ணி தவிக்கி. சீக்கிரம் தா."

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

மீன் கையோடு எழுந்து, கழுவி, பானையிலிருந்து மொண்டு நீட்டினாள். மெல்வினா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு" என்றாள். அதையும் குடித்தாள். "லெனிஷாவுக்கும் குடு," என்று மூன்றாவது டம்ளரை வாங்கிக்கொண்டு, தளும்பத் தளும்ப முற்றத்துக்கு ஓடினாள்.

ஜெசிந்தா பானைப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணில் நீர் நிறைந்தது. அடுப்பு அனலில் அவளுக்கும் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கிப் பார்த்தாள், தொண்டையில் ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பாட்டிலில் அவள் குடித்தது நான்கு வருஷம்.

மறுபடி உட்கார்ந்து அடுத்த மீனை எடுத்தாள். பத்து நிமிஷம் கழித்து மணி அடித்தது. எழுந்து போய் ஒரு டம்ளர் குடித்தாள்.